சித்திரை முதல் நாள், சுவான்ஜோவில்

பயணத் திட்டத்தைக் கேட்ட எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சைனா போறீங்க, பெய்ஜிங் போகலையா? பெருஞ்சுவர் பார்க்கலையா?" போகவில்லை. ஷாங்காயும் இல்லை. ஃபுஜியன் மாகாணத்தில் கடலோரமாக இருக்கும் சுவான்ஜோ என்ற ஊரில் ஐந்து நாள், அவ்வளவுதான். ஃப்ரீமான்ட்டில் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் சீன வம்சாவளி. அவர்களிடம் சொன்னபோதுகூட, "அங்கே என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள். எதிர்வீட்டு தைவான்காரம்மா மட்டும் முகம் மலர்ந்து, "என் தாத்தாவின் தாத்தா அந்த ஊர்தான்" என்றார்.

எங்களைக் கூட்டிப்போனது அப்பாவின் ஆசை. அப்பாவுக்கு 76 வயது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கல்வெட்டுப் பைத்தியம் பிடித்தது. சுவான்ஜோவில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1956-ல் கிடைத்த விவரத்தை எங்கோ படித்துவிட்டு, பத்து வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். போன அக்டோபரில் அம்மாவும் அப்பாவும் எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தார்கள். ஏப்ரலில் திரும்பிப் போகும்போது வழியில் சுவான்ஜோ பார்த்துவிட்டு, சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு. மகளுக்கு ஸ்பிரிங் பிரேக். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆக, நான், 13 வயது மகள், அப்பா, முழங்கால் வலியோடு அம்மா. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹாங்காங் மாறி ஷியாமென்; அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணிதான்.

சுவான்ஜோ சின்ன ஊர் இல்லை. சுற்றியிருக்கும் வட்டங்களையும் சேர்த்தால் 80 லட்சத்துக்கும் மேல் மக்கள். உலகம் முழுக்க நாம் போடுகிற செருப்பிலும் ஷூவிலும் கணிசமான பங்கு இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தயாராவது. ஆனால் ஊரின் உண்மையான பெருமை பழையது. அரபு வணிகர்கள் இதை ஜைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இதை எழுதிவைத்தார்கள். 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பழைய நகரத்துக்குள் உயரமான கட்டடங்கள் குறைவு. செங்கல் வீடுகள், இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்த கூரைகள், தெருமுனைக்குத் தெருமுனை ஒரு சின்னக் கோயில், ஊதுவத்திப் புகை. அம்மா இறங்கிய அன்றே சொல்லிவிட்டார், "இது நம்ம ஊர் மாதிரிதான்டி இருக்கு. ஃப்ரீமான்ட்டுலதான் தெருவுல ஆளே இல்ல."

இன்னொன்றும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது: வெந்நீர். அமெரிக்க ஓட்டல்களில் ஐஸ் போட்ட தண்ணீரை வைத்துவிட்டுப் போவார்கள்; ஆறு மாதமாக அம்மா அதைப் பார்த்து முகம் சுளித்தபடி இருந்தார். இங்கே ரயில் நிலையத்தில் வெந்நீர்க் குழாய், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் வெந்நீர், அறையில் கெட்டில். "இவங்க விவரம் தெரிஞ்சவங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். அம்மா சைவம். எனவே பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு பை அவல் எல்லாம் பெட்டியில் வந்தன. ஆனால் கோயில்களின் பக்கத்தில் பௌத்த சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருப்பதால் பாதிக்கு மேல் பெட்டியிலேயே தங்கிவிட்டது. 'சூ' என்று ஒரு சொல் போதும், சைவம் என்று புரிந்துகொள்கிறார்கள். முட்டை, வெங்காயம், பூண்டுகூட இல்லாத சமையல். அப்பாவும் மகளும் இரண்டாம் நாளே எங்களைக் கைவிட்டுவிட்டு, தெருக்கடையில் சிப்பி ஆம்லெட் தின்னப் போய்விட்டார்கள்.

முதலில் பார்த்தது காய்யுவான் கோயில். 7-ஆம் நூற்றாண்டில் தாங் வம்சத்தின் காலத்தில் எழுந்த பௌத்தக் கோயில். ஒரு செல்வந்தரிடம் ஒரு துறவி நிலம் கேட்டாராம். "என் முசுக்கட்டை மரத்தில் தாமரை பூத்தால் தருகிறேன்" என்றாராம் அவர். பூத்ததாம். அந்த மரம் என்று ஒன்றைத் தாங்குகட்டை கொடுத்து இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் 13-ஆம் நூற்றாண்டின் கல் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 40 மீட்டருக்கு மேல். மேற்குக் கோபுரத்தில் குரங்கு முகம் கொண்ட வீரன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். சீனக் கதைகளில் வரும் குரங்கு அரசனின் பழைய உருவங்களில் ஒன்று என்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு மகள், "ஹனுமான் தாத்தா!" என்றாள். அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் அடிச்சுக்கறாங்க" என்றார்.

அப்பாவின் இந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். நமக்கு வாட்ஸ்ஆப்பில் வருகிற சேதிகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சீனாவே தமிழன் கட்டியது, சீனமொழியே தமிழிலிருந்து வந்தது என்கிற ரகம். அப்பா அந்த மாதிரிச் சேதி அனுப்புகிறவர்களைத் தயங்காமல் பிளாக் செய்துவிடுவார். "உள்ளது எவ்வளவோ இருக்கு. அதைச் சொல்லவே நேரம் போதல. இல்லாததை எதுக்குச் சொல்லணும்?"

அந்த 'உள்ளது' காய்யுவானின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இருக்கிறது. முன்பக்கம் ஊதுவத்தி, கும்பிடு, கூட்டம். பின்பக்கத் தாழ்வாரத்தில் இரண்டு கருங்கல் தூண்கள். பதினாறு பட்டை. நடுவில் வட்டங்களுக்குள் சிற்பங்கள். கிட்டே போனதும் அப்பாவின் குரல் மாறிவிட்டது. நரசிம்மர் ஒரு வட்டத்தில். இன்னொன்றில் யானையைக் காக்க வரும் பெருமாள். காளிங்கன் மேல் கண்ணன். ஆற்றங்கரை மரத்தில் புடவைகளோடு உட்கார்ந்திருக்கும் அதே கண்ணன். உரலில் கட்டிப்போட்ட குழந்தை இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகும் காட்சி. முன்பக்க மேடையின் அடிப்பகுதியில் சிங்க உடலும் மனித முகமுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சிறு பலகைகள். எல்லாம் இந்த ஊரில் இருந்து இடிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் கற்கள். பிறகு மிங் ஆட்சிக்காலத்தில் பௌத்தக் கோயிலைச் செப்பனிட்டபோது, கிடைத்த நல்ல கற்களை எடுத்து வைத்துக் கட்டிவிட்டார்கள். முகங்களைப் பார்த்தால் செதுக்கிய கை உள்ளூர்க் கை என்று தெரிகிறது. கதை சொன்னது நம் ஆள், உளி பிடித்தது சீன ஆள்.

அப்பா மகளுக்கு உரல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு சீனக் குடும்பம் கைபேசியை நீட்டியது. "இந்தப் பெரியவருக்கு இந்தப் படங்களின் கதை தெரியுமா?" என்று மொழிபெயர்ப்புச் செயலி கேட்டது. தெரியுமாவா! மகள் ஆங்கிலத்தில் சொல்ல, செயலி சீனத்தில் சொன்னது. கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். உரலுக்கு மகள் 'மார்ட்டர்' என்று சொன்னாள். செயலி அதைப் பீரங்கி என்று மொழிபெயர்த்துவிட்டது போலிருக்கிறது. தாய் ஒரு குழந்தையைப் பீரங்கியில் கட்டிப்போட்டாள் என்றதும் கூட்டம் திகைத்துப்போனது. அப்பா இரண்டு கையாலும் உலக்கை குத்திக் காட்டினார். பின்னால் நின்ற ஒரு கிழவர் "ஆ!" என்று சிரித்து, அவரும் அதேபோல் குத்திக் காட்டினார். அதற்கப்புறம் செயலி தேவைப்படவில்லை. வெண்ணெய் திருடியதற்காகக் கட்டினாள் என்பதைக்கூட அப்பா கையாலேயே சொல்லி முடித்தார். ஃப்ரீமான்ட்டில் ஆறு மாதத்தில் அப்பா இத்தனை பேரிடம் பேசி நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி அறையில் அப்பா ஒரு காகிதத்தை விரித்தார். அந்தக் கல்வெட்டின் படம். வீட்டிலேயே பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். அசல் கல்லைப் பார்ப்பது இந்தப் பயணத்தில் அமையவில்லை, படத்தோடு சரி. மகள் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வருஷம் படிக்கிறாள். வருஷா வருஷம் ஆகஸ்ட்டில் "இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறேன்" என்பது வழக்கம். 740 வருஷத்துக்கு முந்தைய எழுத்து அவளுக்கு முதலில் புழு நெளிவது போலத்தான் தெரிந்தது. தாத்தா ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பென்சிலால் இன்றைய எழுத்தைப் போட, மெதுவாக அகப்பட்டது. "சித்திரை... தாத்தா, சித்திரை ரெண்டு தடவை இருக்கு. ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?" முதல் சித்திரை மாதம், இரண்டாவது நட்சத்திரம். சக ஆண்டு 1203. அதாவது 1281 ஏப்ரல்.

கல் சொல்லும் சேதி சுருக்கமானது. சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், செகசைகானின் திருமேனி நன்றாக இருக்க வேண்டும் என்று, செகசைகானின் பர்மான்படி, ஒரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கடைசியில் ஒரு வரி சீனம். செகசைகான் என்பது மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பர்மான் என்பது பாரசீகச் சொல், அரசாணை, அனுமதி. சீன ஊரில், மங்கோலிய அரசனுக்காக, பாரசீகச் சொல்லோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு.

"அப்போ அவங்களும் அப்ரூவல் வாங்கித்தான் கோயில் கட்டியிருக்காங்க" என்றாள் மகள். கிரீன் கார்டுக்குப் பதினொரு வருஷம் காத்திருந்த என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவும் சிரித்தார். "ஆமா, அந்தக் காலத்து அப்ரூவல் நோட்டீஸ். அதான் கல்லுலயே வெட்டி வச்சுட்டான். யாரும் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல."

மறுநாள் கடல்வழி வாணிப அருங்காட்சியகம். அங்கே சமயக் கற்சிற்பங்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. அரபு எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கிறிஸ்தவக் கற்கள், கூடவே நம் கோயில் துண்டுகள். லிங்கத்துக்குத் துதிக்கையால் பூ சாத்துகிற யானை ஒன்று. திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? அம்மா பார்த்ததும், "திருவானைக்கா!" என்றார். நாங்கள் சின்ன வயதில் வெள்ளிக்கிழமை தோறும் கேட்ட கதை. யானையும் சிலந்தியும் போட்டி போட்டுப் பூசை செய்த அதே கதை, ஃபுஜியன் கல்லில். இதைச் செய்வித்தவர் காவிரிக் கரைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. வேறு தலங்களுக்கும் யானைக் கதை உண்டே என்று அப்பா முணுமுணுத்ததை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கற்களெல்லாம் தப்பியது எப்படி என்பது தனிக்கதை. பழைய நகரத்து மதில்களை இடித்துச் சாலை போட்டபோது, அதற்குள் கட்டுக்கல்லாகக் கிடந்தவை வெளியே வந்தன. வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார்; தன் சம்பளக் காசிலேயே வாங்கினார் என்கிறார்கள். 1957-ல் சுவான்ஜோவின் சமயக் கற்களைப் பற்றி அவர் புத்தகம் வந்தது. அப்பா அவர் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தமிழ் தெரியாத வாத்தியார்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தத் தமிழர்கள் என்ன ஆனார்கள் என்பது மகளின் கேள்வி. நியாயமான கேள்விதான். இங்கே வந்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களோடு தொடர்புடையவர்களாக இருக்கலாம். அதற்கு முன்பே, 1015-ல் ராஜராஜன், 1033-ல் ராஜேந்திரன், 1077-ல் குலோத்துங்கன் காலத்துத் தூதுக்குழுக்கள் சீன அரசவைக்கு வந்ததைச் சீனர்களின் ஏடுகள் குறித்திருக்கின்றன. பட்டு, பீங்கான் ஒரு பக்கம். மிளகு, முத்து, வாசனைப் பொருள்கள் மறுபக்கம். 1974-ல் இந்த ஊர்க் கடலோரச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த சோங் காலத்துக் கப்பலில் மிளகு இருந்திருக்கிறது. ஆனால் 1357 முதல் 1366 வரை இங்கே இஸ்பா கலகம் என்று பெரிய சண்டை. அயல்நாட்டார் பலர் செத்தார்கள், பலர் ஓடினார்கள். 1368-ல் மிங் ஆட்சி வந்தது. கடல் வாணிபத்துக்குத் தடை போட்டது. கோயில் இடிந்தது. மிஞ்சியவர்கள் சீனர்களோடு கலந்திருக்கலாம். இந்தப் பக்கமும் அதே கதைதான். நாகப்பட்டினத்தில் சீன பகோடா என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் சொன்ன பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று நின்றது. 1867-ல் இடித்துவிட்டார்கள்.

"லிவர்மோர் கோயிலும் 700 வருஷம் கழிச்சு இப்படித்தான் மியூசியத்துல இருக்குமா?" என்றாள் மகள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் பிறந்த பதினொன்றாம் நாள் பெயர் வைத்து, முதல் முறையாகத் தூக்கிக்கொண்டு போன கோயில் அது. அப்பா சாவகாசமாக, "இருந்தா நல்லதுதானே. நல்ல வாத்தியார் ஒருத்தர் கிடைக்கணும்" என்றார்.

நகரத்துக்கு வெளியே லுவோயாங் பாலம். ஆறு கடலில் சேரும் இடத்தில் 1053-லிருந்து 1059 வரை கட்டிய கல்பாலம், இப்போது சுமார் 730 மீட்டர். சாய் ஷியாங் என்ற அதிகாரி கட்டுவித்தது. கடல் ஏறி இறங்கும் இடத்தில் கல் எப்படி நிற்கும்? கற்களின் மேல் சிப்பிகளை வளர்த்திருக்கிறார்கள். சிப்பி ஓடு சுண்ணாம்பு போல் பிடித்துக்கொண்டு கல்லையும் கல்லையும் ஒட்டவைத்துவிடுகிறது. தூண்கள் தண்ணீரைக் கிழிக்கப் படகின் மூக்கு மாதிரிக் கூராக இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க இரும்போடு வேலை செய்த அப்பா, கைப்பிடிச் சுவருக்கு மேல் பாதி உடம்பைத் தொங்கவிட்டு ஒவ்வொரு தூணாகப் பார்த்தார். பயந்துபோய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவும் மகளும் பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தார்கள்.

நிமிர்ந்தவர் திடீரென்று, "அடுத்த வருஷம் நாங்க வரலம்மா. இதுதான் கடைசி" என்றார்.

எனக்கு ஏதோ புரியாதது மாதிரி இருந்தது. அவர்களுக்குக் கிரீன் கார்டு போடலாம் என்று போன வருஷமே பேசியிருந்தோம். பாரம்கூட எடுத்து வைத்திருந்தேன். "ஏன்ப்பா, என்ன குறை?" என்றேன். குறை ஒன்றும் இல்லையாம். வருகிறவர்களுக்கு எடுக்கிற இன்சூரன்ஸ் அவர் வயதுக்கு எதற்கும் உதவாது என்பது அவருக்கே தெரியும். அம்மாவின் முழங்கால் பதினாறு மணி நேரம் மடங்கியபடி இருந்தால் ஒரு வாரம் நடக்கவிடாது. இதெல்லாம் எனக்கும் தெரிந்த காரணங்கள். அவர் கடைசியாகச் சொன்னதுதான் தெரியாதது.

"உன் வீட்டுல எல்லாம் இருக்கு. ஆனா காலையில எந்திரிச்சா என்னைத் தேடி யாரும் வர மாட்டாங்க. பொன்மலையில பேப்பர் போடுற பையன்கூட 'என்ன சார், ரெண்டு நாளாக் காணோம்'னு கேப்பான். உங்கம்மா சொல்ல மாட்டா. அவ ஜன்னல்கிட்டயே உக்காந்திருப்பா, பாத்திருப்பே."

பார்த்திருந்தேன். தெருவை வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். "நீங்க ரெண்டு பேரும் தனியா எப்படிப்பா?" என்றேன். "தனியா எங்க இருக்கோம்?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நடு ராத்திரி போன் வந்தால் முப்பது மணி நேரம் கழித்துதான் நான் போய்ச் சேர முடியும் என்று சத்தமாகவே சொன்னேன். பாலத்தில் நடந்துபோன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. மகள் ஓடிவந்து, பாட்டிக்கு ஐஸ்க்ரீம் வேண்டுமாம் என்றாள். வேண்டியது யாருக்கு என்று எங்களுக்குத் தெரியும். அதோடு பேச்சு நின்றது.

அன்று பிற்பகல் ஷுன்பு. கடலோர மீனவ ஊர். வீட்டுச் சுவரே சிப்பி ஓடுகள். பெரிய பெரிய ஓடுகளை மீன் செதில் போல அடுக்கிப் பூசியிருக்கிறார்கள். வெளிநாடு போன கப்பல்கள் திரும்பி வரும்போது பாரத்துக்காக ஏற்றிவந்த ஓடுகள் என்று ஒரு கதை உண்டு. ஊரின் பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூ வைத்துக்கொள்வது தலைமுறை வழக்கம். இப்போது அதுவே பெரிய வியாபாரமாகிவிட்டது. சீனா முழுவதிலிருந்தும் இளம்பெண்கள் வந்து, அலங்காரம் செய்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தெரு முழுக்கக் கூட்டம், விளக்கு, குடை. எனக்கு அந்தக் கூச்சல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு? ஆறு மாதமாகத் தலையில் பூ இல்லாமல் இருந்தவர். கடைக்காரப் பெண் துணிப்பூவை எடுத்ததும் அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "நிஜப் பூ இல்லையாமா?" இருந்தது, விலை கூட. மல்லிகை மொட்டு கோத்த வளையத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். பேத்தியும் பாட்டியும் ஒரே மாதிரிப் பூ வைத்துக்கொண்ட படம் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. வேப்பம்பூவும் வெல்லமும் அம்மா பெட்டியில் தயாராக இருந்தன, மாங்காய்தான் இல்லை. கெட்டில் தண்ணீரில் புளி கரைத்து ஏதோ ஒரு பச்சடி ஆயிற்று. பிறகு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, நகரத்தை ஒட்டிய ஜின்ஜியாங் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். சில வருஷங்களுக்கு முன் நம் ஆங்கில நாளிதழில் வந்த சேதி அப்பாவின் கோப்பில் இருந்தது. அங்கே ஒரு சின்ன மண்டபத்தில் நான்கு கைகளுள்ள ஒரு தேவி உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் ஓர் அசுரன், இரண்டு பக்கமும் பணிப்பெண்கள். இந்தியச் சிற்பம். ஊர்க்காரர்களுக்கு அவள் குவான்யின், அதாவது கருணைத் தேவி. எப்போதோ இடிந்துபோன மண்டபத்தில் கிடைத்தவளை எடுத்து, மறுபடி கட்டி, தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வருகிறார்கள்.

டிரைவருக்கு இடம் தெரியவில்லை. படத்தைக் காட்டிக் காட்டி, ஷூ தொழிற்சாலைகளையும் காய்கறித் தோட்டங்களையும் தாண்டி, ஒரு சந்துக்குள் போய்க் கண்டுபிடித்தோம். நம் ஊர் ஆலமரத்தடிக் கோயில் அளவுதான். உள்ளே ஆரஞ்சுப் பழம், சின்னச் சின்னக் கிண்ணங்களில் தேநீர், ஊதுவத்திச் சட்டி. புகை படிந்த கல் முகம். ஒரு வயதான அம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், என் அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், உள்ளே இருப்பவளைக் கைகாட்டித் தலையாட்டினார். மூன்று ஊதுவத்தி பற்றவைத்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

அப்பா துர்க்கையா காளியா என்று ஆயுதங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. ஈரக் காகிதத்தில் சுற்றிவைத்திருந்த முந்தின நாள் மல்லிகையை எடுத்து அவள் காலடியில் வைத்தார். கும்பிட்டு நிற்கும்போது அம்மாவின் உதடு அசைந்தது. வெகுநேரம். வெளியே ஒரு சின்னப் பையன் சைக்கிளில் வந்து அந்த அம்மாளை "ஆமா!" என்று கூப்பிட்டான். இந்தப் பக்கத்துப் பேச்சில் பாட்டிக்கு அதுதான் சொல். என் மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "வெறும் கோஇன்சிடென்ஸ்தான், தாத்தா, எனக்குத் தெரியும்" என்று அவர் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

காரில் திரும்பும்போது, என்ன வேண்டிக்கிட்டே என்று அம்மாவைக் கேட்டேன். "இந்த ஊர்ல வந்து தனியா உக்காந்திருக்காளே, இவளை நல்லாப் பாத்துக்கிறாங்களேன்னு இருந்துச்சு" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "அப்பா சொன்னதுக்குக் கோவிச்சுக்காத. நாந்தான் சொல்லச் சொன்னேன்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி நாள் ஆன்ஷி மலைகளுக்குப் போனோம். வடமேற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். நீலகிரி மாதிரிப் படிப்படியாகத் தேயிலைத் தோட்டம், மேகம், சளசளவென்று மழை. தியே குவான்யின் என்ற ஊலாங் தேயிலைக்குப் பேர் போன இடம். இரும்புக் குவான்யின் என்று அர்த்தம். அதே கருணைத் தேவி. இலையைப் பறித்து, வாட்டி, உலுக்கி, வறுத்து, உருட்டி, மறுபடி வறுத்து, மணிமணியாக ஆக்குகிறார்கள். பொடிக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். முதல் நீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரே இலையில் ஆறேழு தடவை. இந்தக் கரையோரப் பேச்சில் தேநீருக்கு 'தே' என்று பெயர். கடல் வழியாக உலகத்துக்குப் போன சொல் அது. நிலம் வழியாகப் போனது 'சா'. நம் தேயிலையில் இருப்பதும் அந்தத் 'தே'தான் என்றார் அப்பா, இந்த முறை தயங்காமல்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கைபேசியில் அலிபே போட்டு அமெரிக்க கார்டை இணைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை வாங்கத் தெருக்கடைக்காரர் யோசிக்கிறார். கூகுள் வேலை செய்யாது, வெளிநாட்டு இ-சிம் எடுத்துக்கொண்டால் ஓரளவு செய்யும். இந்திய பாஸ்போர்ட் உள்ள பெரியவர்களுக்கு முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். ஏப்ரலில் மழை உண்டு, குடை அவசியம். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பழைய ஊர்க் கழிவறைகள் சிரமம். ஓட்டலை விட்டுக் கிளம்பும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் அவர்களைத் திருச்சி விமானத்தில் ஏற்றிவிட்டு நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். கிரீன் கார்டு பாரம் என் கணினியில் பாதி நிரப்பியபடியே கிடக்கிறது. அழிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவோடு வீடியோவில் ஒரு கல்வெட்டு படிக்கிறாள். சில வாரம் படிக்கிறாள், சில வாரம் தூக்கம் வருகிறது என்று ஓடிவிடுகிறாள். போன வாரம் அம்மாவிடம் ஆன்ஷித் தேயிலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அரைக் கிலோ, என்ன விலை கொடுத்து வாங்கியது! "உங்கப்பா அதுல பாலும் சர்க்கரையும் போட்டுத்தான் குடிக்கிறார். பேப்பர் பையனுக்கும் ஒரு டம்ளர் உண்டு" என்றார்.